மில்பிடாஸில் பியர் இல்லாத மீன் கடை

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: உள்ளே வருகிறவர் முதலில் கேட்பது நம்மிடம் இல்லாத பொருளைத்தான். இட்லிக் கடையில் பூரி கேட்பார். பூரி போட்டால் அன்றைக்கென்று பொங்கல் கேட்பார். கல்லாவில் உட்கார்ந்து "இல்லைங்க, இல்லைங்க" என்று சொல்லியே வாய் வலித்தவரா நீங்கள்? வாருங்கள், பக்கத்து ஸ்டூலில் உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடை இருந்தது கலிபோர்னியாவில், மில்பிடாஸில். ஒரு பக்கம் லாண்டரி, இன்னொரு பக்கம் டயர் கடை, நடுவில் நாங்கள். மெக்சிகோக்காரர்கள் குடும்பத்தோடு வந்து மீனும் இறாலும் சிப்பியும் சாப்பிடுகிற சின்னக் கடை. நாகூர்க்காரியான எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அங்கே பாதிப் பேச்சு இங்கிலீஷ், பாதி ஸ்பானிஷ். இங்கே ஒரு பெண்ணைத் தவிர எல்லாரையும் தமிழில்தான் பேச வைத்திருக்கிறேன்.

எலுமிச்சம்பழம் சமைத்த மீன்

முதலில் நாங்களும் அங்கே கஸ்டமர்கள்தான். என் வீட்டுக்காரர் ஹாஜா மச்சான் அப்போது ஒரு கம்பெனியில் நெட்வொர்க் எஞ்சினியர். வெளியே சாப்பிடப் போனால் ஹலால் கறி கிடைக்காது. அதனால் எங்கே போனாலும் எங்களுக்கு மீன்தான். சனிக்கிழமை மத்தியானம் இங்கே வந்துவிடுவோம். சுவர் முழுக்க யாரோ கடலை வரைந்து வைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் நீலத் தாள் ஒட்டியிருந்ததால் வெயில் உள்ளே வரும்போதே நீலமாகிவிடும். பின்பக்கம் 880 ஃப்ரீவே. கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கார்களின் இரைச்சல் அலை அடிக்கிற மாதிரியே இருக்கும். நான் பாதிச் சாப்பாட்டில் கண்ணை மூடிவிடுவேன். தூங்குறியா என்று மச்சான் கேட்பார். தூக்கமில்லை, தூக்கத்துக்குப் பக்கத்து ஊர்.

முதல் தடவை போனபோது, பொரித்த சோள அப்பளத்தின் மேல் வெங்காயம், தக்காளி, கொத்தமல்லியோடு பொடியாக நறுக்கிய மீனைக் குவித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். வாயில் போட்டால் ஜில்லென்று இருக்கிறது. இது வேகவே இல்லையே என்று மச்சான் என் காதைக் கடித்தார். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் முதலாளியைக் கூப்பிட்டு, அடுப்பில் வைக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டேவிட்டார். முதலாளி டான் பெலிப்பே (டான் என்றால் அவர்கள் பேச்சில் ஐயா மாதிரி) தலை நரைத்த, நிதானமான மனிதர். எலுமிச்சைச் சாற்றில் ஊறியே மீன் வெந்துவிடும் என்றார். எவ்வளவு நேரம், எந்த அளவு புளிப்பு என்று மச்சான் எஞ்சினியர் கேள்விகளை அடுக்கினார். டான் பெலிப்பே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடுப்பு அவசரக்காரங்களுக்கு. எலுமிச்சம்பழத்துக்கு அவசரமே கிடையாது. உங்களுக்கு ஏதாவது அவசரமா?"

எடுக்காத லைசென்ஸ்

டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தபோது மச்சானுக்கும் வேலை போயிற்று. கிரீன் கார்டு கையில் இருந்ததால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை. டெக்சாஸில் ஒரு கான்ட்ராக்ட் வேலை வருகிற மாதிரி இருந்தது. போனால் அவர் அங்கே, நான் இங்கே. அந்த நேரம் பார்த்து டான் பெலிப்பே, மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறேன், கடையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டு எடுத்தோம். சமையல்காரி லூப்பே அப்படியே இருந்தாள். மெனு அப்படியே. சுவரில் இருந்த கடலும் அப்படியே. ஒன்றே ஒன்றுதான் மாறியது. பியர் லைசென்ஸ் எடுக்க மாட்டேன் என்றார் மச்சான். குடிக்கிறவர் குடிக்கட்டும், அதை ஊற்றிக் கொடுத்து நாம் சோறு சாப்பிட வேண்டாம் என்றார். எனக்கும் அதில் முழுச் சம்மதம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே இறாலும் பியரும் நமக்கு இட்லியும் சட்னியும் போல. கடை நின்றால் ஒரே கூரையின் கீழ் இருப்போம். நிற்காவிட்டால் போட்டதும் போய், டெக்சாஸ்தான்.

முதல் வெள்ளிக்கிழமை மச்சான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கூரை போடுகிற வேலை செய்யும் ஆர்த்துரோ தன் ஆட்களோடு வந்தார். வாரா வாரம் வருகிற கூட்டம் அது. விடிந்ததிலிருந்து வெயிலில் நின்ற முகங்கள். இறால் வந்தது, பியர் வரும் என்று காத்திருந்தார்கள். லூப்பே அடுப்படியை விட்டு நகரவில்லை. சமைப்பதுதான் அவள் வேலையாம், கெட்ட செய்தி சொல்வது முதலாளி வேலையாம். நானே போனேன். தண்ணீர் ஜாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இனிமேல் இங்கே பியர் கிடையாது என்று சொன்னேன். ஆர்த்துரோ தட்டில் இருந்த இறாலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இறாலுக்கு நான் சொல்லிக்கிறேன், செனோரா. என் ஆட்களுக்கு நீங்களே சொல்லிடுங்க."

காற்று மாறிய சாயங்காலம்

அந்த ஆட்கள் மறுவாரமே வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். ஆர்த்துரோ மட்டும் வந்தார். மற்ற மெக்சிகன் குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. போகிறவர்கள் போகட்டும், நம்மவர்கள் வருவார்கள் என்றார் மச்சான். பள்ளிவாசலில் சொன்னார், பழைய ஆபீஸில் சொன்னார். வந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் வந்தார்கள். வந்து மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரியாணி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள்.

பிளசன்டனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் அங்கிள் குடும்பத்தோடு வந்தார். முழு மீனைப் பொரித்துக் கொண்டுபோய் வைத்தேன். ஆன்ட்டி ஒரு வாய் எடுக்கப் போனவர் நிறுத்திவிட்டு மெல்ல முகர்ந்து பார்த்தார். மில்பிடாஸ்காரர்களுக்குத் தெரியும். சில சாயங்காலம் காற்று திரும்பினால் வளைகுடா ஓரத்துச் சேற்று வாடை ஊரையே ஒரு தூக்குத் தூக்கும். அன்றைக்கென்று அது வந்தது. தட்டை எடுத்துப் போய் வேறு மீன் பொரித்து வைத்தேன். ஆன்ட்டி அதையும் முகர்ந்தார். மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல், இது எப்ப வந்த மீன் பிள்ளை என்று மட்டும் கேட்டார். காலையில் வந்தது என்று நான் சத்தியம் பண்ணாத குறை. மச்சான் வெளிக் காற்று வரட்டும் என்று கதவை அகலத் திறந்தார். அவ்வளவுதான், இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போயிற்று. அதுவரை தலை நிமிராமல் மீனைக் காலி பண்ணிக்கொண்டிருந்த அவர்கள் மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, இட் இஸ்ன்ட் த ஃபிஷ். இட்ஸ் ஜஸ்ட் மில்பிடாஸ்."

நன்னாரி

பியர் இல்லாவிட்டால் என்ன, அதற்குப் பதிலாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறேன் என்று மச்சான் கிளம்பினார். வேலை போன எஞ்சினியரின் மூளை சும்மா இருக்குமா? இஞ்சிச் சாறு, புளித் தண்ணீர், பன்னீர் சோடா என்று கலந்து கலந்து எனக்கும் லூப்பேக்கும் ஊற்றினார். மத்தியானக் கூட்டம் போனபின் மூன்று மணிவாக்கில் கடையில் ஒரு மயக்கம் இறங்கும். நீல வெளிச்சம், சுவரில் அசையாத கடல், கையில் மச்சானின் கஷாயம். சுவர் மீன்கள் மெதுவாக இடம் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இஞ்சி கூடிப்போன நாள் அது.

கடைசியில் சன்னிவேலில் நம்ம ஊர் மளிகைக் கடையில் நன்னாரி சர்பத் கிடைத்தது. எலுமிச்சை பிழிந்து, சோடா ஊற்றி, கண்ணாடி டம்ளரின் விளிம்பில் மிளகாயும் உப்பும் தடவி, பியருக்கு எப்படிக் கொடுப்பார்களோ அதே ஜோடனையோடு கொண்டுபோய் ஆர்த்துரோ முன்னால் வைத்தார். ஆர்த்துரோ இப்போதெல்லாம் தனியாகத்தான் வருவார், ஜன்னலோர மேஜை. பாவம், எங்களுக்காக இரக்கப்பட்டு வருகிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மடக்குக் குடித்தார். மச்சான் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி பக்கத்திலேயே நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு என்ன வியாதின்னு மட்டும் சொல்லிடுங்க, அது குணமாகற மாதிரி தெரியுது."

உப்பு

ரமலான் நோன்பு வந்தது. பட்டினியாக நாள் முழுக்க மீன் பொரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பசி காலையில்தான். மத்தியானத்துக்கு மேல் பசி போய், தரையில் கால் பாவாமல் நடக்கிற மாதிரி ஒன்று வரும். எண்ணெய்ச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கும். கஸ்டமர் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வரும். எனக்கு அது பிடித்திருந்தது என்றால் நம்புவீர்களா? அந்த மயக்கத்தில் வாடகைக் கவலைகூடத் தள்ளித்தான் நின்றது. ஒரே தொல்லை, எதையும் ருசி பார்க்க முடியாது. முதல் நாள் நான் செய்த சாதத்தில் உப்பே இல்லை. மறுநாள் போட்டேனா, போட்டேனா என்று சந்தேகப்பட்டுப் போட்டதில் கடல் தண்ணீர் ஆகிவிட்டது. அன்றிலிருந்து லூப்பே எங்கள் இரண்டு பேர் நாக்கையும் சேர்த்துத் தானே எடுத்துக்கொண்டாள். எல்லாச் சட்டியிலும் ஒரு கரண்டி எடுத்து, ருசி பார்த்து, தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒருநாள் நோன்பு திறக்கிற நேரம். கடையில் ஆளே இல்லை. இருந்தாலும் அடுப்படியில் நின்றுகொண்டே பேரீச்சம்பழத்தை வாயில் போடப் போனேன். லூப்பே என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்தாள். எதிரில் மச்சானையும் உட்கார வைத்தாள். தண்ணீர், பேரீச்சம்பழம், பிறகு பெரிய கிண்ணத்தில் ஏழு கடல் சூப். மீன், இறால், கணவாய், சிப்பி என்று கடலில் இருப்பதெல்லாம் அதில் போகும். மார்க்கப்படி நாங்கள் நண்டு தொட மாட்டோம் என்று தெரிந்து அதை மட்டும் விட்டிருந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. முதலாளியான பிறகு அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்துவிட்டது. சூப்பின் காரம் என்று மூக்கைச் சிந்தினேன். லூப்பே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னிக்கு நீங்க கஸ்டமர். உப்புக் குறைஞ்சா சொல்லுங்க, ஆனா முதலாளிகிட்ட போய்ச் சொல்லாதீங்க."

சாமிக்குச் சொன்ன வாக்கு

குளிர்காலம் முழுக்க ஈ ஓட்டினோம். ஈகூட வரவில்லை என்பதுதான் உண்மை. கிழக்கே மலையெல்லாம் மழையில் பச்சையாகிவிட்டது. நான் கல்லாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு ஒரு புதன்கிழமை, நெற்றியில் சாம்பல் கீற்றோடு ஆட்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள். தாத்தா, பேரன், கைக்குழந்தை வரை. மேஜை போதவில்லை. மச்சான் பயந்தே போய்விட்டார், எதிர்க் கடையில் ஏதாவது தீப்பிடித்துவிட்டதா என்று. லூப்பேதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: ஈஸ்டருக்கு முன்னால் அவர்களுக்கு நோன்பு மாதிரி. சாம்பல் புதனும் வெள்ளிக்கிழமைகளும் கறி சாப்பிட மாட்டார்கள். மீன்தான்.

அது சரி, மீன் எல்லாக் கடையிலும் இருக்கிறதே, பியரோடு சேர்த்து? இங்கே ஏன் வந்தார்கள் என்று எனக்கு மண்டை குடைந்தது. வெள்ளிக்கிழமை ஒரு அம்மாளிடம் கேட்டேவிட்டேன். பக்கத்தில் அவள் கணவர், பெரிய மீசைக்காரர், நன்னாரியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவருக்கு இன்னொரு மீனை வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நோன்பு முடியற வரைக்கும் குடிக்க மாட்டேன்னு சாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கார். சாமி நம்பிடுச்சு. நான் நம்பலை, அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

மூன்று மணி

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் மீசைக்காரர் போய்விட்டார். கூட்டமும் அவரோடு போய்விட்டது. கொஞ்ச நாள் நிரம்பி வழிந்துவிட்டுக் காலியானதால், முன்னைவிட இப்போது காலி பெரிதாகத் தெரிந்தது. டெக்சாஸிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, நாற்காலியெல்லாம் நீலமாக மிதந்துகொண்டிருந்த நேரம், மச்சான் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பியர் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணிடலாமா?" அந்த மேஜையை நான் அப்போதுதான் துடைத்திருந்தேன். வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் டெக்சாஸுக்குப் போய்விடுவாரோ என்ற பயம். சரி என்றும் வரவில்லை. நீங்க எது செஞ்சாலும் சரி மச்சான் என்று பொதுவாக ஏதோ சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். கண் கலங்க வெங்காயம் நல்ல காரணமாக இருந்தது.

லூப்பே காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆர்த்துரோ வந்ததும் சூப்போடு சேர்த்து இந்தச் செய்தியையும் பரிமாறிவிட்டாள். ஆர்த்துரோ சூப்பை முடித்தார், வாயைத் துடைத்தார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். மச்சானும் நானும் நின்றிருந்தோம். மெதுவாகத்தான் பேசினார். போன இலையுதிர் காலத்திலேயே குடியை விட்டுவிட்டாராம். ஒரு நாள் போதையில் கூரையிலிருந்து விழப் பார்த்தாராம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டாராம். ஆட்களிடம் வயிற்று வலி என்று பொய். இறால் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஆனால் இறால் விற்கிற எந்தக் கடைக்குப் போனாலும் பக்கத்து மேஜையில் பாட்டில், சுவரில் பாட்டில், டிவியில் பாட்டில். கை தானாகப் போகிறதாம். எங்கள் மேல் இரக்கப்பட்டு வருகிறார் என்று நினைத்தோமே, அந்த மனிதர் வாரா வாரம் எங்கள் கடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

லைசென்ஸ் வந்தாலும் பாட்டில் உங்கள் மேஜைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார் மச்சான். அப்புறம், சர்ச்சில் இதற்கெல்லாம் ஆறுதலாக இருப்பார்களே என்று தட்டுத் தடுமாறிக் கேட்டார். ஆர்த்துரோ தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"சர்ச்சுல கூட கொஞ்சம் ஒயின் இருக்கு, சார். இங்கதான் இல்ல."

மச்சான் லைசென்ஸ் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. டெக்சாஸுக்கு வரவில்லை என்று அன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். ஆர்த்துரோ தன்னைப் போலவே வயிற்று வலிக்காரர்கள் சிலரை ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். அவர்கள் மனைவிமார் பிறந்தநாளுக்கும் ஞானஸ்நானத்துக்கும் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தார்கள். கடை ஓடியது என்று சொல்ல மாட்டேன், நடந்தது. சில மாதம் நொண்டியது. மச்சான் பக்கத்திலேயே இருந்தார். மூன்று மணிக்கு நான் கண்ணை மூடினால் தூங்குறியா என்று கேட்க ஆள் இருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பியர் இல்லாமல் மீன் விற்று நாங்கள் பெரிய பணக்காரர்கள் ஆகிவிடவில்லை, ஆனால் முதல் நாள் என்ன சாப்பிட்டோம் என்று மறுநாள் காலையில் நன்றாக ஞாபகம் வைத்திருந்த கஸ்டமர்கள் மில்பிடாஸ் மெக்சிகன் மீன் கடைகளிலேயே எங்களுக்குத்தான் அதிகம்.